கப்பலில் வந்த சந்தோஷம்

தமிழ்நாட்டில் ஆங்கிலம் நுழையாத வீட்டிலும் 'ஹேப்பி' நுழைந்துவிட்டது. பிறந்தநாள் கேக்கின் மேல் கிரீமில் எழுதியிருக்கும். டிசம்பர் 31 நள்ளிரவில் மொட்டைமாடிகளிலிருந்து கூச்சலாகக் கேட்கும். "என்ன மச்சான், இப்ப ஹேப்பியா?" என்று டீக்கடையில் விசாரிப்பார்கள். இவ்வளவு பழகிப்போன இந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்ற பொருள் வந்து சுமார் ஐந்நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் மனதுக்குள் நடக்கும் எதையும் அது குறிக்கவில்லை. பரிசுச் சீட்டு விழுந்த ஆளைக் குறித்தது. அதன் தாய்ச்சொல் இங்கிலாந்தில் பிறந்ததும் அல்ல. வடகடல் தாண்டி, நீளமான கப்பலில், கோடரிகளோடு வந்து இறங்கியது.

கி.பி. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த மடாலயத்தை வைக்கிங்குகள் சூறையாடினார்கள். அடுத்த நூறாண்டில் கொள்ளை குடியேற்றமாக மாறியது. சூறையாடியவர்களின் பிள்ளைகள் நிலம் பிடித்து, உழுது, பக்கத்து ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு மொழிகளும் ஒரே அடுப்படியில் புழங்கின. வானம், முட்டை, சன்னல், கத்தி, கணவன் ஆகியவற்றுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் அந்தக் குடித்தனத்தில் கிடைத்தவை. 'ஹாப்' என்ற சொல்லும் அப்படியே வந்தது. நல்லதோ கெட்டதோ, தற்செயலாக வாய்ப்பது என்று அதற்குப் பொருள். 'ஹேப்பன்', 'பெர்ஹாப்ஸ்', 'மிஸ்ஹாப்', 'ஹாப்ஹசார்ட்' எல்லாம் இதன் பிள்ளைகள். 14ஆம் நூற்றாண்டில் ஒருவரை 'ஹேப்பி' என்றால் காற்று அவர் பக்கம் வீசுகிறது என்று அர்த்தம். அவர் சிரித்தாரா அழுதாரா என்பது யாருக்கும் பொருட்டில்லை. 16ஆம் நூற்றாண்டில்தான் அதிர்ஷ்டம் அடித்தவனிடமிருந்து அவன் மனநிலைக்கு அந்தச் சொல் இடம் மாறியது.

ஆங்கிலத்தின் இன்ப துன்பச் சொற்களைக் கிளறினால் பெரும்பாலும் இதே கதைதான். நெஞ்சில் பிறந்தவை குறைவு. சூதிலும் வயிற்றிலும் தொண்டையிலும், வானத்துக் கோள்களிலும் பிறந்து, வெகுகாலம் வெளியே சுற்றிவிட்டு, பிற்பாடு மனசுக்குள் குடிவந்தவை அதிகம்.

சரி, வைக்கிங்குகள் வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் மகிழ்ச்சியை எப்படிச் சொன்னார்கள்? அவர்களிடம் 'ஏயாடிக்' என்றொரு சொல் இருந்தது. செல்வமும் சுகமும் அருளும் சேர்ந்த நிலை அது. பேச்சிலிருந்து அந்தச் சொல் அடியோடு செத்துவிட்டது. ஆனால் அதன் வேரான 'ஏயாட்' ஆட்களின் பெயர்களில் ஒளிந்து உயிர் பிழைத்தது. எட்வர்ட் என்றால் செல்வச் சுகத்தைக் காப்பவர். எட்கர், எட்வின், எடித் எல்லோரும் அதே வீட்டுப் பிள்ளைகள். பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் எத்தனையோ எட்வின்கள் இருக்கிறார்கள். ஆங்கிலேயர்களே தொலைத்துவிட்ட ஆதி மகிழ்ச்சிச் சொல்லை ரேஷன் கார்டில் சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு பழைய சொல்லின் கதை இதைவிடப் பரிதாபம். 'சேலிக்' என்றால் பாக்கியவான், இறையருள் பெற்றவன். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு 'ஸேலிக்' இன்றும் பேரின்பத்தில் திளைப்பவன் என்ற மரியாதையோடு இருக்கிறது. இங்கிலாந்தில் அது படிப்படியாகச் சறுக்கியது. அருள் பெற்றவன் பாவம் அறியாதவன் ஆனான். பாவம் அறியாதவன் சூதுவாது தெரியாத அப்பாவி ஆனான். அப்பாவி இரக்கத்துக்குரிய ஏழை ஆனான். பிறகு பலவீனன், கடைசியில் மூளை இல்லாதவன். பொல்லாப்பில்லாத நல்லவனை உலகம் முட்டாளாக்க எடுத்துக்கொண்ட காலம் சுமார் முந்நூறு ஆண்டுகள். அந்தச் சொல்தான் இன்றைய 'சில்லி'. "டோன்ட் பி சில்லி" என்று பிள்ளையை அதட்டும் தாய், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கணக்கில், "பாக்கியசாலியாக இருக்காதே" என்கிறாள்.

துன்பச் சொற்களும் இப்படித்தான் இடம் மாறி வந்தன. சோகமான மழைநாளை 'ட்ரியரி' என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ரத்தம் சொட்டுகிற என்று பொருள்; போர்க்களத்துச் சொல். 'ரெட்ச்' என்றால் இன்று கதியற்ற பாவி. மூலத்தில் அது நாடு கடத்தப்பட்டவன். தலைவனும் கூடமும் இல்லாமல் அலைவதைவிடப் பெரிய துயரத்தை அந்தக் கால ஆங்கிலேயனால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் ஜெர்மானியர்கள், ஊரை விட்டுத் தனியே போனவன் எத்தனை சண்டை பார்த்திருப்பான் என்று யோசித்தார்கள் போலும். அங்கே அதே சொல் 'ரெக்கே' ஆகி, மாவீரன் என்ற பொருளில் நிற்கிறது.

'ஆங்கர்' என்ற சொல்லையும் வைக்கிங்குகளே தந்தார்கள். கோபம் அல்ல, வேதனை என்ற பொருளில். அதன் ஆதி வேர் 'இறுக்கு, நெரி' என்பது. அதே வேர் லத்தீன் வழியாகவும் வந்து 'ஆங்சைட்டி', 'ஆங்விஷ்', மாரடைப்புக்கு முன்னறிவிப்பான 'ஆஞ்சைனா' என்று கிளைத்தது. 'வொர்ரி'யின் மூலப்பொருள் கழுத்தை நெரிப்பது. ஆட்டின் குரல்வளையை நாய் கவ்வி உலுக்குவதற்கும் அதே சொல்தான் வழங்கியது. கடன்காரன் வருவானோ என்று உட்கார்ந்து கவலைப்படும் பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நாம் சொல்வதை அவர்கள் சொல்லின் வேரிலேயே வைத்திருந்தார்கள்.

1066இல் அடுத்த படையெடுப்பு. நார்மண்டி பிரபு வில்லியம் பிரெஞ்சு பேசும் ஆட்களோடு வந்து அரியணை ஏறினார். அரண்மனை மொழியிலிருந்து 'ஜாய்' வந்தது. லத்தீன் 'காவ்டியா' பிரெஞ்சு நாக்கில் தேய்ந்து கிடைத்த வடிவம் அது. 'க்ரீஃப்' வந்தது, பாரம் என்ற லத்தீன் சொல்லின் பேரன். 'சியர்' வந்ததுதான் வேடிக்கை. அதற்கு முகம் என்று பொருள். முகம் என்றால் முகபாவம், நல்ல முகபாவம் என்றால் உற்சாகம், உற்சாகம் என்றால் விருந்தும் குடியும் என்று அது நீண்டது. 18ஆம் நூற்றாண்டில் மாலுமிகள் ஒருவரையொருவர் ஊக்கப்படுத்தக் கத்தும் சத்தத்துக்கும் அதே பெயர் வந்தது. இன்று கோப்பையை உயர்த்தி 'சியர்ஸ்' சொல்கிறவர் "முகங்கள்" என்று சொல்கிறார்.

'டிலைட்' விஷயத்தில் நடந்தது அப்பட்டமான காப்பி. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது எளிமையாக 'டெலிட்' என்ற உச்சரிப்புக்கு ஏற்ற எழுத்துகளோடு இருந்தது. வெளிச்சத்தைக் குறிக்கும் 'லைட்'டின் நடுவில் ஒலிக்காத இரண்டு எழுத்துகள் உண்டல்லவா? 16ஆம் நூற்றாண்டில் யாரோ அதைப் பார்த்து இதற்கும் போட்டார்கள். ஊர் முழுக்கப் பின்பற்றியது. ஒளிக்கும் அந்த மகிழ்ச்சிக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது. உண்மையில் ஒளியிலிருந்து வந்த மகிழ்ச்சிச் சொல் ஒன்று வேறே இருக்கிறது: 'க்ளாட்'. தங்கமும் தீயும் மின்னுவதைச் சொல்லப் பழைய ஆங்கிலத்தில் பயன்பட்டது அது. பாவம், அதற்கு அந்த எழுத்துகள் கிடைக்கவில்லை.

இந்தக் குடும்பத்தில் 'ஸேட்' தனி ரகம். சோகம் என்ற ஒரே பொருளில் இன்று அறியப்படும் இந்தச் சொல் முதலில் சாப்பிட்டு வயிறு நிறைந்ததைக் குறித்தது. ஜெர்மனியில் விருந்து முடிந்ததும் போதும் என்று கைகாட்டி 'ஸாட்' என்பார்கள், அதே சொல். லத்தீன் வழியாக வந்த 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' தூரத்து உறவு. திருப்தியும் சோகமும் ஒரே வேரில் முளைத்தவை! வயிறு நிறைந்தால் அலுப்பு வரும், அலுத்தவன் உடம்பு கனக்கும், கனமானது அசையாது, அசையாதவன் நிதானமானவன், காரியக்காரன். ஷேக்ஸ்பியர் காலத்திலும் 'ஸேட்' ஆள் என்றால் விளையாட்டுத்தனம் இல்லாதவர் என்ற பொருள் மிச்சமிருந்தது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பியூரிட்டன் கிறித்தவர்கள் 'ஸேட்' நிறங்களில் உடுத்தினார்கள். அழுதுகொண்டு உடுத்தவில்லை, அடர்த்தியான கருஞ்சாய நிறங்களுக்கு அப்படிப் பெயர்.

கனம் என்ற அந்தப் பழைய பொருள் இரண்டு இடங்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, லங்காஷயர் சமையலறை. உப்பாமல் தட்டையாக வெந்த ஒரு பண்டத்துக்கு அங்கே 'ஸேட் கேக்' என்று பெயர். மற்றொன்று, இஸ்திரிப் பெட்டி. நம் ஊர்த் தள்ளுவண்டியில் பார்ப்பது போல உள்ளே கரி போடும் பெட்டி ஒரு வகை. உள்ளே குழிவில்லாத முழு இரும்புக் கட்டியை அடுப்பில் காயவைத்துத் தேய்ப்பது மற்றொரு வகை. அதன் பெயர் 'ஸேட் அயர்ன்', அதாவது கன இரும்பு. அதன் கைப்பிடியும் இரும்பு, கட்டியோடு சேர்ந்து அதுவும் கொதிக்கும். துணியைச் சுற்றிப் பிடித்தாலும் கை வெந்துபோகும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒட்டும்வா என்ற ஊரில் மேரி ஃப்ளாரன்ஸ் பாட்ஸ் என்ற பெண்மணி 1871இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை வாங்கினார். கட்டிக்கு இரண்டு முனையிலும் கூர். கழற்றி மாட்டும் மரக் கைப்பிடி. ஒரு கட்டி ஆறினால் அதை அடுப்பில் வைத்துவிட்டு, காய்ந்திருக்கும் அடுத்த கட்டியில் கைப்பிடியை மாட்டிக்கொள்ளலாம். 'மிஸஸ் பாட்ஸின் ஸேட் அயர்ன்' என்ற பெயரில் அது விற்றுத் தீர்ந்தது. பழம்பொருள் கடைகளில் அதைப் பார்த்து, இஸ்திரி போடுவது அவ்வளவு சோகமான வேலையா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. போட்டுப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

பூமியிலிருந்து கொஞ்சம் மேலே பார்ப்போம். 'ஜோவியல்' மனிதர் என்றால் கலகலப்பானவர். அவர் வியாழனின் ஆதிக்கத்தில் பிறந்தவர். 'சாட்டர்னைன்' என்றால் மூஞ்சியைத் தொங்கப்போட்டிருப்பவர்; அவருக்குச் சனி. 'டிஸாஸ்டர்' என்பது இத்தாலியிலிருந்து வந்த கெட்ட நட்சத்திரம். குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் கோவிலில் வரிசையில் நிற்கும் நமக்கு இதெல்லாம் புதிதாகவே இருக்காது, காரணமும் உண்டு. கிரேக்க ஜோதிடம் ஒரு பக்கம் ரோம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. இன்னொரு பக்கம் கடல்வழியே இந்தியாவுக்கு வந்து 'யவன ஜாதகம்' போன்ற சமஸ்கிருத நூல்களில் இறங்கியது. நம் ஜோதிடர் தினமும் உச்சரிக்கும் 'ஹோரை'யும் 'கேந்திர'மும் கிரேக்கச் சொற்கள். இரண்டு ஊர்ச் சனியும் ஒரே சனி.

'டிஸ்மல்' அந்தப் பஞ்சாங்கத்தின் அடுத்த பக்கம். இடைக்கால ஐரோப்பிய நாட்காட்டியில் மாதத்துக்கு இரண்டு வீதம் வருஷத்துக்கு 24 கெட்ட நாட்கள் குறித்திருந்தார்கள். அன்றைக்குப் பயணம் கிளம்பக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. எகிப்திய ஜோதிடர்கள் கணித்தவை என்ற நம்பிக்கையில் 'எகிப்திய நாட்கள்' என்றும் பெயர். அச்சு அசல் நம் கரிநாள். லத்தீனில் 'டியெஸ் மாலி', கெட்ட நாட்கள். அது சுருங்கி 'டிஸ்மல்'. சொல்லுக்குள்ளேயே நாள் இருப்பதை மறந்து 'டிஸ்மல் டே' என்று பேச ஆரம்பித்தார்கள், நம் 'நடு சென்டர்' மாதிரி. பிறகு இருண்ட எதற்கும் அது பொருந்திவிட்டது. பொருளாதாரத்தை 'டிஸ்மல் விஞ்ஞானம்' என்று எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1849இல் திட்டினார். திட்டியதன் காரணம் பலருக்கும் தெரியாது. விடுதலை பெற்ற மேற்கிந்தியக் கறுப்பின மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. தேவையும் அளிப்பும் பார்த்துக்கொள்ளும், கட்டாயம் வேண்டாம் என்பது பொருளியலாளர் கட்சி. அந்தக் கோபத்தில் வந்த வசவு அது. தோட்ட முதலாளிகள் இரண்டு கட்சிக்கும் காத்திருக்கவில்லை. மொரீஷியஸுக்கும் கயானாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் அதில் நிறைய.

எல்லாவற்றிலும் அதிக தூரம் நடந்த சொல் 'மெலங்கலி'. கிரேக்கத்தில் இதற்குக் கரும்பித்தம் என்று பொருள். உடம்பில் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்கள் ஓடுகின்றன, கரும்பித்தம் மிகுந்தால் காரணமில்லாத துயரமும் பயமும் பிடிக்கும் என்றது ஹிப்போகிரட்டஸ் மரபு. 2ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் அதை விரித்து எழுதினார். முதல் மூன்று நீர்களையும் நாம் பார்க்கலாம். நான்காவதை இதுவரை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று உடம்பில் கிடையாது. இல்லாத ஒரு திரவம் ஈராயிரம் ஆண்டுகள் உலகம் சுற்றியிருக்கிறது.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவரது குழுவும் கேலனின் நூல்களை சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தார்கள். சொல் 'மாலிகோலியா' ஆனது. பாக்தாதிலிருந்து இன்றைய துனீசியாவின் கைரவானுக்குப் போய் மருத்துவம் செய்த இஸ்ஹாக் இப்னு இம்ரான், 900ஆம் ஆண்டையொட்டி இந்த நோய்க்கென்றே தனி நூல் எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் என்ற வட ஆப்பிரிக்கர், மருந்துச் சரக்கு வியாபாரி என்று பழைய கதைகள் சொல்கிற ஆள், இத்தாலிக்குக் கடல் கடந்து மோன்டே கசினோ மடத்தில் துறவியானார். அங்கே உட்கார்ந்து அரபு மருத்துவ நூல்களை லத்தீனில் கொண்டுவந்து குவித்தார். இஸ்ஹாக்கின் நூலும் அதில் ஒன்று. மூல ஆசிரியர் பெயரைச் சொல்லும் பழக்கம்தான் அவருக்குக் குறைவு. மருத்துவர் அல்-மஜூசியின் பெரிய மருத்துவக் களஞ்சியத்தை அவர் பெயர் இல்லாமலே வெளியிட, 1127இல் அந்தியோக்கியாவின் ஸ்டீஃபன் அதே நூலை மறுபடி மொழிபெயர்த்து, இது திருட்டு என்று போட்டு உடைத்தார். திருட்டுச் சரக்கோ நேர்மையான சரக்கோ, ஐரோப்பிய மருத்துவப் பள்ளிகள் அதைப் படித்துத்தான் துயரத்துக்கு மருந்து கொடுத்தன.

சொல் இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது நோயே நாகரிகமாகிவிட்டிருந்தது. எலிசபெத் காலத்துப் பணக்கார இளைஞர்கள் கறுப்பு உடுத்தி, கைகளைக் கட்டி, மரத்தடியில் சாய்ந்தபடி படம் வரையச் சொல்லி உட்கார்ந்தார்கள். 1621இல் ஆக்ஸ்ஃபோர்டின் நூலகத்தில் அடைந்து கிடந்த பாதிரியார் ராபர்ட் பர்ட்டன் 'மெலங்கலியின் உடற்கூறு' என்ற பிரம்மாண்டமான நூலை வெளியிட்டார். எழுதுவது எதற்கு என்றால், மெலங்கலி தன்னைப் பிடிக்காமல் இருக்கத்தானாம். அவர் உயிரோடிருந்தபோதே ஐந்து பதிப்புகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தடிமன். மருந்து வேலை செய்ததா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அரபுச் சொல்லோ கிழக்கே நடந்து யுனானி மருத்துவத்தோடு இந்தியா வந்தது. 'யுனானி' என்றாலே கிரேக்கம்தான். இன்றும் யுனானி வைத்தியர்கள் மாலிகோலியா என்ற பெயரில் இந்த நோயைப் பேசுகிறார்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானிக் கல்லூரியே இருக்கிறது. பித்தம் தலைக்கேறினால் பித்துப் பிடிக்கும் என்று தமிழும் நம்பிவந்ததையும் இங்கே சேர்த்து வைக்கலாம்.

மருத்துவர்கள் சொல்லைக் கடன் வாங்கியதோடு நிற்கவில்லை, புதிதாகச் செய்யவும் செய்தார்கள். 1688இல் பாசெல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற பத்தொன்பது வயது மாணவர், கூலிப்படைக்குப் போன சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஊர் நினைப்பில் உருகிச் சாவதைப் பற்றி ஆய்வேடு எழுதினார். வீடு திரும்புதலையும் வலியையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். மலைக்காற்றுக்குப் பழகிய உடம்பைச் சமவெளிக் காற்று அழுத்துவதே காரணம் என்று ஷாய்க்சர் என்ற அறிஞர் பின்னர் விளக்கம் சொன்னார். மாடு மேய்ப்பவர்களின் பாட்டைக் கேட்டால் வீரர்கள் ஓடிவிடுவார்கள் என்பதால் அதை இசைப்பதற்கு மரண தண்டனை என்று ரூசோ எழுதினார். அந்தக் கொடிய வியாதிதான் இப்போது பழைய இளையராஜா பாட்டைக் கேட்டதும் நமக்கு வருகிறது.

'ஹாப்' என்ற பழைய அதிர்ஷ்டத்துக்கு 1754இல் ஒரு வெளிநாட்டுத் தம்பி பிறந்தான். ஜனவரி 28 அன்று லண்டனில் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், ஃப்ளாரன்சிலிருந்த நண்பர் ஹொரேஸ் மானுக்கு ஒரு கடிதம் எழுதினார். மான் அனுப்பிய, பியாங்கா கப்பெல்லோ என்ற சீமாட்டியின் படத்துக்கு ஏற்றபடி, ஒரு பழைய வெனிஸ் புத்தகத்தில் கப்பெல்லோ குடும்பச் சின்னம் எதேச்சையாகக் கண்ணில் பட்டிருந்தது. தேடாமலே தட்டுப்படும் இந்த யோகத்துக்கு அவர் கொடுத்த பெயர் 'செரண்டிபிட்டி'. சரந்தீப் என்பது அரபு மாலுமிகள் இலங்கைக்கு வைத்திருந்த பெயர். சரந்தீப்பின் மூன்று இளவரசர்கள் கதையை எப்போதோ படித்த ஞாபகத்தில் செய்த சொல் அது.

அந்தக் கதை வந்த வழியே ஒரு நாவலுக்கு ஆகும். பாரசீக மொழியில் கவிஞர் அமீர் குஸ்ரோ 1302இல் பாடினார். 1557இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சானது. அதைப் பார்த்து 1719இல் பிரெஞ்சு. அதைப் பார்த்து 1722இல் ஆங்கிலம். காணாமல்போன ஒட்டகத்தைக் கண்ணால் பார்க்காமலே, பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதை வைத்து அதற்கு ஒரு கண் குருடு என்று சொல்லிவிடும் சாமர்த்தியக்காரர்கள் கதை. கவனியுங்கள், இதில் யோகம் எதுவும் இல்லை, சுத்தமான துப்பறிதல். வால்போல் தப்பாக நினைவு வைத்திருந்தார். ஒட்டகத்தைக்கூட அவர் கோவேறு கழுதையாக்கிவிட்டார். அதே கதையைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் வோல்த்தேர். 'ஸாதிக்' என்ற கதையில் அவர் அதைப் பயன்படுத்த, அங்கிருந்து துப்பறியும் கதைகளுக்கு வழி பிறந்தது. நமக்கும் இது அந்நியமல்ல. ஒட்டகத்தின் தடத்தைப் பார்த்தே அதன் குறைகளைச் சொல்லி, அளகாபுரி அரசனுக்கு மந்திரிகளான நான்கு இளைஞர்கள் கதை தமிழில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடேச சாஸ்திரி அதை ஆங்கிலத்தில் கொடுத்தார். வால்போலின் சொல்லோ கடிதத்துக்குள்ளேயே தூங்கியது. 1833இல் கடிதங்கள் அச்சேறிய பிறகும் 1875 வரை யாரும் அதை எடுத்து ஆளவில்லை.

கடல் செய்த குழப்பம் ஒன்றும் உண்டு. 'டோல்ட்ரம்ஸ்' என்றால் முதலில் மந்தமான மனநிலை. நடுக்கோட்டுப் பகுதியில் காற்றின்றி நின்ற கப்பலை, டோல்ட்ரம்ஸில் கிடக்கிறது என்றார்கள் மாலுமிகள். கேட்டவர்கள் அதை ஊர்ப் பெயர் என்று நினைத்து வரைபடத்தில் எழுதிவிட்டார்கள். மனசுக்குள் போகும் சொற்களையே பார்த்துவந்தோம். மனசிலிருந்து வெளியேறி முகவரி வாங்கிய சொல் இது ஒன்றுதான்.

1776இல் 'ஹேப்பினஸ்' அரசியலுக்கு வந்தது. ஜெஃபர்சன் எழுதிய அமெரிக்க விடுதலைப் பிரகடனம், மகிழ்ச்சியைத் தேடிப் போவதை மனிதனின் பிறப்புரிமைகளில் ஒன்றாக வைத்தது. அதே வருஷம் லண்டனில் தத்துவவாதி ஜெரமி பெந்தாம், அதிகம் பேருக்கு அதிக மகிழ்ச்சி எதுவோ அதுவே சரி தவறை அளக்கும் கோல் என்று அச்சிட்டார். அந்தக் கருத்தின் முதல் சொந்தக்காரர் அவர் அல்ல; தத்துவவாதி ஹட்சிசன் 1725இலேயே சொல்லியிருந்தார். பெந்தாமின் சீடர் ஜேம்ஸ் மில்லுக்கு 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மகன் ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை அங்கேயே குப்பை கொட்டினார். இந்தியாவை எட்டிக்கூடப் பார்க்காத தந்தை, விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் சென்னை மாகாணத்து ரயத்துவாரி முறையை ஆதரித்து எழுதினார். தஞ்சை விவசாயியின் நிலவரிக்கும் லண்டன் தத்துவவாதியின் மகிழ்ச்சிக் கணக்குக்கும் இடையில் ஒரே ஒரு மேசைதான் இருந்தது.

துன்பத்துக்கு நிறமும் பூசியாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் மனச்சோர்வை 'நீலப் பிசாசுகள்' பிடித்ததாகச் சொன்னார்கள். குடிகாரர் கண்ணில் தெரியும் உருவங்களுக்கும் அதே பெயர். பிசாசு கழன்று, நீலம் மட்டும் 'ப்ளூஸ்' ஆக நின்றது. அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்கள் அதை இசையாக்கினார்கள். 1912இல் டபிள்யூ. சி. ஹேண்டி 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' வெளியிட்டார். 1930இல் டியூக் எலிங்டன் நீலத்தை இன்னும் ஆழமாக்கி 'மூட் இண்டிகோ' என்றார். இண்டிகோ என்றால் இந்தியச் சரக்கு என்று அர்த்தம். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்கள் பொதி பொதியாக வாங்கிப் போன அதே அவுரிச் சாயம். திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது.

இதற்கிடையில் 'ஹேப்பி'யும் 'சில்லி' போன வழியில் ஒரு தடவை சறுக்கப் பார்த்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் மூளை கலங்கிப்போன வீரரை 'பாம்-ஹேப்பி' என்றார்கள். எதற்கெடுத்தாலும் சுடுகிறவன் 'ட்ரிகர்-ஹேப்பி'. நல்லவேளை, அந்தப் பொருள் ஒட்டுச்சொற்களோடு நின்றுவிட்டது.

1963இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனம், சோர்ந்திருந்த தன் ஊழியர்களை உற்சாகப்படுத்தப் படம் ஒன்று கேட்டது. ஹார்வி பால் என்ற ஓவியர் மஞ்சள் வட்டத்துக்குள் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் போட்டுக் கொடுத்து 45 டாலர் வாங்கிக்கொண்டார். உரிமை எதுவும் பதியவில்லை. 1970களின் தொடக்கத்தில் பிலடெல்ஃபியாவில் ஸ்பெயின் என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்கள் அதன் கீழே 'ஹேவ் எ ஹேப்பி டே' என்று சேர்த்துச் சட்டைப் பித்தான்களாக விற்றார்கள். 1972க்குள் சுமார் ஐந்து கோடி. பிரான்சில் ஃப்ராங்க்ளின் லூஃப்ரானி என்ற பத்திரிகையாளர் அதைத் தன் வணிகச் சின்னமாகவே பதிந்துகொண்டார். அங்கிருந்து அது கணினிக்கும் கைப்பேசிக்கும் போன கதை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. 2015இல் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாக எழுத்தே இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: விழுந்து விழுந்து சிரித்துக் கண்ணீர் விடும் அந்த மஞ்சள் முகம். அதன் அதிகாரப்பூர்வமான பெயர் 'ஃபேஸ் வித் டியர்ஸ் ஆஃப் ஜாய்'. 'ஃபேஸ்' பிரெஞ்சிலிருந்து வந்தது, 'ஜாய்' வில்லியமின் ஆட்களோடு வந்தது. இந்த மூன்றில் 'டியர்ஸ்' மட்டும் உள்ளூர்ச் சரக்கு.